எக்ஸ் வந்ததும் வயிற்றுவலியும் வருதா?

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. தட்டில் வைத்த இட்லி அப்படியே இருக்கிறது.

"அம்மா... வயிறு வலிக்குதும்மா."

"நேத்து ராத்திரி நல்லாத்தானே இருந்தே? வெளியில ஏதாவது வாங்கித் தின்னியா?"

"இல்லம்மா... இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுக்கறேனே..."

"இன்னிக்கு என்ன டெஸ்ட்?"

பதில் இல்லை.

"கணக்கா?"

அதற்கும் பதில் இல்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது.

7-ம் வகுப்பு, 8-ம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் இருக்கிற பல வீடுகளில் இந்தக் காட்சி நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இதே பிள்ளை 5-ம் வகுப்பு வரை கணக்கில் புலி! கூட்டல், பெருக்கல், வாய்ப்பாடு எல்லாம் தலைகீழாகச் சொல்லும். நூற்றுக்குத் தொண்ணூறு குறையாது. அந்தப் பிள்ளைக்குத் திடீரென்று என்ன ஆச்சு?

"விளையாட்டுப் புத்தி வந்துடுச்சு", "செல்போன் பார்த்துக் கெட்டுப் போச்சு" என்று நாம் ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் முக்கியமான காரணம் ஒன்று நம் கண்ணில் படுவதே இல்லை. பாடம் மாறிவிட்டது! பெயர் மட்டும் அதே 'கணக்கு'. உள்ளே இருப்பது வேறு சரக்கு. அதற்குப் பெயர் இயற்கணிதம். நம் காலத்தில் 'அல்ஜீப்ரா' என்றே சொல்லிப் பழக்கம்.

ஆறாம் வகுப்பில் லேசாக எட்டிப் பார்க்கிற இந்த அல்ஜீப்ரா, ஏழு, எட்டில் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. அது ஏன் கஷ்டம் என்று பெற்றோருக்குப் புரிந்தாலே, பாதி வயிற்றுவலி குறைந்துவிடும்.

அப்படி என்ன புதுசு?

சின்ன வகுப்புக் கணக்கு எப்படி? 12 மாம்பழம், ஒன்று 15 ரூபாய், மொத்தம் எவ்வளவு? எல்லாமே தெரிந்த எண்கள். பெருக்கினால் 180. விடை வந்தது, கோடு போட்டாச்சு.

அல்ஜீப்ராவில் அப்படி இல்லை. எந்த எண் தெரியாதோ, அதற்கு 'எக்ஸ்' என்று ஒரு பெயர் வைத்து, அது ஏற்கெனவே நம் கையில் இருப்பது போலவே பாவித்து, அதைக் கூட்ட வேண்டும், பெருக்க வேண்டும், வகுக்க வேண்டும். கடைசியில்தான் அது யார் என்று தெரியும். பத்து, பன்னிரண்டு வயது வரை கண்ணால் பார்த்து, விரல் விட்டு எண்ணிப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய தாவல்.

நம் பிள்ளைக்கு மட்டுமா தாவல்? மனித குலத்துக்கே அப்படித்தான் இருந்தது. 9-ம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் இருந்த அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் வரும் 'அல்-ஜப்ர்' என்ற அரபுச் சொல்தான் 'அல்ஜீப்ரா' ஆனது. அந்த நூலில் எக்ஸும் கிடையாது, ஒய்யும் கிடையாது. எல்லாமே வாக்கியங்கள்தான்! நம் நாட்டில் 12-ம் நூற்றாண்டின் பாஸ்கராச்சாரியார், தெரியாத எண்களுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரை வைத்தார். தெரியாத எண்ணுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று எழுதும் வழக்கம் பரவியது, பிரான்சின் டெகார்ட் 1637-ல் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான். ஆக, வாக்கியத்திலிருந்து எழுத்துக்கு வர உலகம் 800 வருஷம் எடுத்துக்கொண்டது. நம் பிள்ளையோ ஒரே டெர்மில் வந்தாக வேண்டும்!

இன்னொரு சுவையான விஷயம். 'அல்-ஜப்ர்' என்றால் சேர்த்துச் சரிசெய்வது. முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பதற்கும் அதே சொல்தான். பழைய ஸ்பெயினில் எலும்பு கட்டும் வைத்தியருக்கு 'அல்ஹெப்ரிஸ்டா' என்று பெயர் இருந்தது. எலும்பு கூட வேண்டுமென்றால் அவசரப்படக் கூடாது இல்லையா? இதிலும் அப்படித்தான்.

பிள்ளை வழுக்கி விழும் 5 இடங்கள்

1. சமக்குறி: '8 + 4 =' என்று பார்த்ததும் பிள்ளையின் கை தானாக 12 என்று எழுதும். ஐந்து வருஷமாக '=' என்றால் 'விடையை இங்கே எழுது' என்றே அதற்கு அர்த்தம். இப்போது உங்கள் பிள்ளையிடம் 8 + 4 = □ + 5 என்று எழுதி, கட்டத்தில் என்ன வரும் என்று கேளுங்கள். 12 என்று சொல்லலாம். எல்லாவற்றையும் கூட்டி 17 என்றும் சொல்லலாம். சரியான விடை 7. அமெரிக்காவில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், 6-ம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றே சொன்னார்களாம்! சமக்குறி என்பது தராசு. இந்தத் தட்டும் அந்தத் தட்டும் சமம் என்பதுதான் அதற்கு அர்த்தம். இது மனதில் பதியாத பிள்ளைக்கு எந்தச் சமன்பாடும் மந்திர ஜாலமாகத்தான் தெரியும்.

2. ஒட்டி எழுதும் எழுத்து: 35 என்றால் மூன்று பத்தும் ஐந்தும். மூன்றுக்குப் பக்கத்தில் ½ எழுதினால் மூன்றோடு அரை கூட்ட வேண்டும். ஆனால் மூன்றுக்குப் பக்கத்தில் எக்ஸ் எழுதினால் பெருக்க வேண்டும்! எக்ஸின் மதிப்பு 4 என்றால் 3 எக்ஸ் எவ்வளவு என்று கேட்டால், 34 என்று எழுதுகிற பிள்ளை மக்கு இல்லை. இத்தனை நாள் நாம் சொல்லிக் கொடுத்ததையே அது நம்பியிருக்கிறது.

3. முடியாத விடை: 5 + 3 எக்ஸ் என்பதை அதற்கு மேல் சுருக்க முடியாது. அதுவேதான் விடை. ஆனால் கூட்டல் குறி நடுவில் நிற்பதைப் பார்த்தால் பிள்ளைக்குக் கை அரிக்கும். 'இன்னும் முடியலையே' என்று 8 எக்ஸ் போட்டுவிடும். 'மூணு ஆப்பிள், ரெண்டு வாழைப்பழம்' என்று எழுத்துக்களைப் பொருளாகச் சொல்லிக் கொடுப்பது அந்த நேரத்துக்குச் சுலபம், பின்னால் தொல்லை. எழுத்து என்பது ஆப்பிள் இல்லை, ஓர் எண். பெரியவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். 'ஒவ்வொரு ஆசிரியருக்கும் 6 மாணவர்கள். மாணவர் எண்ணிக்கை மா, ஆசிரியர் எண்ணிக்கை ஆ. சமன்பாடு எழுது' என்றால் சட்டென்று 6 மா = ஆ என்று எழுதத் தோன்றும். சரியானது மா = 6 ஆ. (10 ஆசிரியர் என்றால் 60 மாணவர். போட்டுப் பாருங்கள்!) அமெரிக்காவில் எஞ்சினீயரிங் முதலாண்டு மாணவர்களிடம் இப்படிக் கேட்டபோதே மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்கள் தப்பாக எழுதினார்கள்.

4. மைனஸ்: அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் நின்றால் உள்ளே இருக்கும் குறி மாறும். ஏன்? பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது. 'டீச்சர் சொன்னாங்க' என்பார்கள். கடைக்கு அழைத்துப் போங்கள். கையில் 100 ரூபாய். பில் 30 ரூபாய். அதில் 5 ரூபாய் தள்ளுபடி. மீதி எவ்வளவு? 100 − (30 − 5). முதலில் 30-ஐக் கழித்துவிட்டால் 70. ஆனால் கடைக்காரர் 5 ரூபாய் அதிகமாக எடுத்துவிட்டார். திருப்பித் தருகிறார். ஆக 75. அந்த 'திருப்பித் தருவது'தான் மைனஸ் பிளஸ்ஸாக மாறுவது. கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் மைனஸ் எண்களுக்கு விதி சொன்னபோது, சொத்து, கடன் என்று வைத்துத்தான் விளக்கினார்.

5. பின்னம்: அல்ஜீப்ராவில் தடுமாறும் பல பிள்ளைகளுக்கு உண்மையான ஓட்டை பின்னத்தில் இருக்கும். அமெரிக்கா, இங்கிலாந்து இரு நாட்டுப் பிள்ளைகளையும் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வு, 10 வயதில் பின்னமும் வகுத்தலும் நன்றாகப் புரிந்த பிள்ளைகளே 16 வயதில் அல்ஜீப்ராவிலும் தேறினார்கள் என்று காட்டியது. ஆகவே 8-ம் வகுப்புப் பிள்ளைக்கு 5-ம் வகுப்புப் பின்னத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுப்பதில் வெட்கம் வேண்டாம்.

'அந்தப் பக்கம் போனா மைனஸ்!'

இது எல்லா டியூஷன் சென்டரிலும் கேட்கும் மந்திரம். மார்க் வாங்கித் தரும். ஆனால் புரிய வைக்காது. எண் எங்கேயும் 'போவதில்லை'. இரண்டு தட்டிலிருந்தும் ஒரே அளவை எடுக்கிறோம், அவ்வளவுதான்.

வீட்டு விசேஷத்தையே எடுத்துக்கொள்ளலாமே. நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டும். முதல் கடையில் நாற்காலிக்கு 10 ரூபாய், வண்டிக் கூலி 170. இரண்டாவது கடையில் நாற்காலிக்கு 12 ரூபாய், வண்டிக் கூலி 50. எத்தனை நாற்காலி எடுத்தால் இரண்டு கடையிலும் ஒரே தொகை வரும்?

10 எக்ஸ் + 170 = 12 எக்ஸ் + 50.

இரு பக்கமும் 50-ஐ எடுத்துவிடுங்கள்: 10 எக்ஸ் + 120 = 12 எக்ஸ். இரு பக்கமும் 10 எக்ஸை எடுங்கள்: 120 = 2 எக்ஸ். ஆக எக்ஸ் 60. சரிபார்க்கலாம்: முதல் கடை 600 + 170 = 770. இரண்டாவது கடை 720 + 50 = 770. சரி! 60-க்குக் குறைவாக வேண்டுமென்றால் இரண்டாவது கடை லாபம். அதற்கு மேல் என்றால் முதல் கடை.

எக்ஸ் இரு பக்கமும் நிற்கிற இந்த மாதிரிக் கணக்கை, பழைய முறையில் பின்னாலிருந்து கழித்து வகுத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. இங்கேதான் கூட்டல் கழித்தல் கணக்கு முடிந்து அல்ஜீப்ரா ஆரம்பமாகிறது. பிள்ளை திணறுவதும் இங்கேதான். இந்த ஒரு படியில் மட்டும் நாலைந்து நாள் நின்று நிதானமாகப் போனால் போதும், மேலே ஏறுவது சுலபம்.

அந்த வயிற்றுவலி நடிப்பா?

இல்லவே இல்லை. பயம் வந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும். உள்ளங்கை வேர்க்கும். ரத்தம் கை, கால் தசைகளுக்கு அதிகமாக ஓடும். குடலின் இயக்கம் மாறும். குடலுக்கென்றே தனியாகப் பெரிய நரம்புப் பின்னல் இருப்பதால், மனசில் உள்ள கலக்கம் அங்கே வலியாகவே தெரியும். ஆகவே "நடிக்கிறியா?" என்று கேட்காதீர்கள். வலி நிஜம், காரணம்தான் வேறு.

பயம் மூளையில் இன்னொரு வேலையும் செய்கிறது. மனக்கணக்குப் போடும்போது எண்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள மூளையில் ஒரு சின்னப் பலகை மாதிரி இடம் இருக்கிறது. செயல்படு நினைவாற்றல் என்பார்கள். ஒரே நேரத்தில் நாலைந்து விஷயம்தான் அதில் நிற்கும். 2 (எக்ஸ் + 3) − 3 (எக்ஸ் − 1) என்ற கணக்குக்கே பெருக்கல், குறி மாற்றம், ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பது என்று பலகை நிறைந்துவிடும். அதன் மேல் 'தப்பாயிடுமோ, அப்பா திட்டுவாரோ' என்ற கவலையும் ஏறி உட்கார்ந்தால் கணக்குக்கு இடம் எங்கே? வீட்டில் நன்றாகப் போட்ட கணக்கைப் பரீட்சையில் கோட்டை விடுவது இப்படித்தான்.

ஆனால் ஒன்று. எல்லா வயிற்றுவலியையும் கணக்கு மேலேயே போட்டுவிடக் கூடாது. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், தொடர் வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைவது, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், வலது அடிவயிற்றில் மட்டும் வலி - இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். லீவு நாளிலும் வலி வந்தால் அதுவும் கவனிக்க வேண்டியதே.

டாக்டரிடம் பார்க்க வேண்டிய மற்றவை

கண்: கிட்டப்பார்வை பள்ளி வயதில்தான் அதிகம் தலைகாட்டுகிறது. கரும்பலகையில் கதைப் பாடத்தைக் குத்துமதிப்பாகப் படித்துவிடலாம். அல்ஜீப்ராவில் ஒரு மைனஸ், மேலே சின்னதாக ஒரு 2 கண்ணில் படாவிட்டால் கணக்கே போச்சு! நோட்டில் கணக்கைத் தப்பாக எழுதிக்கொண்டு வருகிறதா பாருங்கள்.

ரத்தம்: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. வயதுக்கு வந்த பெண் சோர்ந்து போய், கவனம் நிற்காமல் இருந்தால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது.

தூக்கம்: 12 வயது வரை 9 மணி நேரமாவது, 13-க்கு மேல் 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். விடிய விடியப் போட்ட கணக்கு காலையில் நிற்காது.

எண் குறைபாடு: 'டிஸ்கால்குலியா' என்ற கற்றல் குறைபாடு நூற்றில் 3 முதல் 7 பிள்ளைகளுக்கு இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் அது அல்ஜீப்ராவில் திடீரென்று ஆரம்பிக்காது. சின்ன வயதிலிருந்தே எது பெரிய எண் என்பதில் குழப்பம், மணி பார்ப்பதில், சில்லறை எண்ணுவதில் சிரமம் இருந்திருக்கும். சந்தேகம் இருந்தால் குழந்தை மனநல நிபுணரிடம் பரிசோதியுங்கள். 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

பள்ளிக்கூடம் என்றாலே அழுகை, சாப்பாடு வேண்டாம், 'நான் எதுக்கும் லாயக்கில்லை', 'செத்துப் போயிடலாம்' என்ற பேச்சு வந்தால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். மார்க்கைப் பற்றிய பேச்சை அன்றைக்கே நிறுத்துங்கள். பிள்ளையைத் தனியே விடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

அம்மா அப்பா கவனத்துக்கு...

"எனக்கும் கணக்கு வராது, எங்க வம்சத்துக்கே வராது" என்று சிரித்துக்கொண்டுகூடச் சொல்லாதீர்கள். 2015-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு சொல்வது இது: கணக்கென்றால் பயப்படும் பெற்றோர் அடிக்கடி பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்ய வைத்தபோது, ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் குறைவாகவே கற்றார்கள், அவர்களுக்கும் பயம் கூடியது. பயம் இருந்தால் நீங்கள் சொல்லித் தர வேண்டாம். பிள்ளையை டீச்சராக்குங்கள். "எனக்குப் புரியலை, நீ சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். எந்த வரியில் அதன் பேச்சு தடுக்கிறதோ, அங்கேதான் சந்தேகம். அந்த வரியைக் குறித்துக் கொடுத்து மறுநாள் கணக்கு டீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு வரிக்கு ஒரே ஒரு வேலை. சமக்குறிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக. இந்தப் பழக்கம் பலகையின் பாரத்தைக் காகிதத்துக்கு மாற்றிவிடும். விடை வந்ததும் எக்ஸுக்குப் பதில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கட்டும். தப்பைத் தானே கண்டுபிடிக்கிற வசதி எந்தப் பாடத்தில் இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை 3 மணி நேரம் உட்கார வைப்பதைவிடத் தினம் 20 நிமிஷம் மேல். சித்தப்பா பையன் மார்க்கை இழுக்க வேண்டாம்.

பாட்டியிடம் கேளுங்கள்!

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த விடுகதை தெரிந்திருக்கும். பறவைக் கூட்டம் ஒன்று பறந்து போகிறது. கீழே இருந்த ஒற்றைப் பறவை, "நீங்க நூறு பேரா?" என்று கேட்கிறது. "நாங்களும், எங்களைப் போல இன்னொரு மடங்கும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு" என்று பதில் வருகிறது. கூட்டத்தில் எத்தனை பறவை?

பாட்டி யோசித்து, "முப்பத்தாறு" என்பார். 36, 36, 18, 9, அப்புறம் 1. சரியாக நூறு! எப்படி என்று கேட்டால், "நாலால வகுபடற எண்ணா இருக்கணும், அதை வெச்சுப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்" என்பார்.

இப்போது பிள்ளையைக் கூப்பிடுங்கள். கூட்டம் எக்ஸ் என்று வைக்கச் சொல்லுங்கள். எக்ஸ் + எக்ஸ் + எக்ஸில் பாதி + எக்ஸில் கால் + 1 = 100. இரண்டு தட்டையும் நாலால் பெருக்கினால் 11 எக்ஸ் + 4 = 400. இரு பக்கமும் 4-ஐ எடுத்தால் 11 எக்ஸ் = 396. எக்ஸ் 36!

பாட்டி கணக்கும் பேத்தி கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்போது, பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அடுத்த திங்கட்கிழமை அந்த இட்லி தட்டில் மிச்சம் இருக்காது.